நீலகிரியில் வேலைக்கு மெல்லிய லேப்டாப்: ஸ்கிரீனையும் சுமையையும் சோதித்து வாங்குவது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பெரும்பாலும் லேப்டாப் வாங்கக் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். கொடைக்கானலில் இருந்து மதுரை, இல்லையென்றால் திண்டுக்கல். மற்றவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். எப்படி வாங்கினாலும் ஏமாறும் இடம் ஒன்றுதான். கடை மேசைமேல் திறந்து வைத்திருக்கும் லேப்டாப்பும், சீல் பிரித்து உங்கள் கைக்கு வரும் லேப்டாப்பும் பேரில் ஒன்றாக இருக்கும், ஸ்கிரீன் வேறாக இருக்கும்.

ஆபீஸ் வேலைக்கென்று வரும் லெனோவோ திங்க்பேட், எச்பி ப்ரோபுக், எலைட்புக், டெல் லாட்டிடியூட் (2025-ல் இருந்து டெல் ப்ரோ) வரிசைகளில் இது சகஜம். ஒரே மாடல் பேருக்குள் 250 அல்லது 300 நிட்ஸ் (ஸ்கிரீன் தரும் வெளிச்சத்தின் அளவு) மங்கல் பேனல் ஒன்று, 400 நிட்ஸ் நல்ல பேனல் ஒன்று, டச் ஸ்கிரீன் ஒன்று, சிலவற்றில் ஓஎல்இடி (பின்விளக்கு இல்லாமல் புள்ளிகளே ஒளிரும் வகை) ஒன்று என்று மூன்று நான்கு வகை ஓடும். எடையும் அப்படித்தான். விளம்பரத்தில் போடுவது தொடக்க எடை: சின்ன பேட்டரி, டச் இல்லாத ஸ்கிரீன், லேசான மூடி. நீங்கள் வாங்குவது பெரிய பேட்டரியும் டச்சும் உள்ளதென்றால் 100 முதல் 200 கிராம் கூடத்தான் வரும்.

ஆகவே கடைக்காரரிடம் மாடல் பேரைக் கேட்டுவிட்டு நிற்க வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள முழு பார்ட் நம்பரைக் கேளுங்கள். லெனோவோ என்றால் அதை அந்தக் கம்பெனியின் பிஎஸ்ரெஃப் என்ற விவரத் தளத்தில் தட்டினால் பேனல் வகை, நிட்ஸ், நிற அளவு, பேட்டரி வாட்-ஹவர் (கொள்ளளவு) எல்லாம் வந்துவிடும். டெல் என்றால் அதன் தளத்தில் லேப்டாப்பின் சர்வீஸ் டேக் (அடையாள எண்) போட்டால் தொழிற்சாலையில் என்ன பொருத்தினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். பார்ட் நம்பர் தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

மலை வெளிச்சம் வேறு

ஷோரூமில் எல்லா ஸ்கிரீனும் அழகுதான். அங்கே இருப்பது 300, 500 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குழல்விளக்கு வெளிச்சம். 250 நிட்ஸ் பேனல்கூட அதில் பளிச்சென்று தெரியும். ஊட்டி வீட்டில் கண்ணாடி போட்ட முன்வராந்தாவில் உட்கார்ந்தால் நிலைமை மாறிவிடும்.

வெயில் நாளில் சமாளிக்கலாம். சூரியன் ஒரு பக்கம் இருக்கிறது, நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். மஞ்சு இறங்கிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. மேகம் மூடிய பகலில் திறந்த வெளியில் சுமார் 10,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அந்த வானத்தின் ஒளிர்வு ஏறக்குறைய 3,000 நிட்ஸ். பூச்சில்லாத கண்ணாடி அதில் 4, 5 சதவீதத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கே அனுப்பும். அதாவது ஸ்கிரீன்மேல் கிட்டத்தட்ட 150 நிட்ஸ் வெள்ளைப் படலம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 நிட்ஸ் ஸ்கிரீனில் வெள்ளை இடம் 400 நிட்ஸ் ஆகிறது, கறுப்பு எழுத்து 150 ஆகிறது. வேறுபாடு 2.7-க்கு 1. 400 நிட்ஸ் ஸ்கிரீனில் அது 3.7-க்கு 1. 500-ல் 4.3-க்கு 1. இணையத்தில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி சொல்லும் அளவு. ஆக, மஞ்சில் வெளியே உட்கார்ந்து எக்செல் பார்க்க எந்த லேப்டாப்பும் முழுசாகத் தேறாது. 250 ஒத்துவராது, 400 ஒப்பேற்றும்.

மேட் (பளபளப்பில்லாத) ஸ்கிரீன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாதிதான் சரி. மேட் பூச்சு பிரதிபலிப்பைக் குறைப்பதைவிடச் சிதறடிக்கிறது. அறைக்குள் ஒரு ஜன்னல், ஒரு பல்பு என்று குறிப்பிட்ட இடத்தில் இருந்து வெளிச்சம் வந்தால் மேட் அருமை. வானம் முழுக்க வெள்ளையாக இருக்கும்போது அந்தச் சிதறலே ஸ்கிரீன் முழுக்கப் படர்ந்து வெளிறிவிடும். பளபளப்பான ஸ்கிரீனில் உங்களுக்குப் பின்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் முதுகுப்பக்கம் இருண்ட சுவர் வருமாறு உட்கார்ந்து, கருநீல ஸ்வெட்டர் ஒன்று போட்டுக்கொண்டால் மஞ்சில்கூட அது தெளிவாக இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டால் சட்டைதான் தெரியும். ஜன்னலோர மேசையில் நிரந்தரமாக வேலை என்றால் மேட், 400 நிட்ஸ். இதைத்தான் இந்த ஊர்களுக்குச் சிபாரிசு செய்வோம். பளபளப்பு வகை வேண்டும் என்றால் எதிரொளி தடுப்புப் பூச்சு உள்ளதையும் 500 நிட்ஸையும் பாருங்கள். 13 அங்குல மேக்புக் ஏர் எம்2, எம்3 இரண்டும் 500 நிட்ஸ், எடை 1.24 கிலோ. அந்த விலை ஒத்துவந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கிளம்பும் முன் பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் நான்கு விஷயம் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் எக்செல் ஷீட் ஒன்று. குன்னூர் தேயிலை ஏலக் கேட்டலாக் போல நீளமாக, பொடி எண்களோடு இருந்தால் நல்லது. பத்து பாயின்ட்டில் ஒரு தமிழ்ப் பத்தி. முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்கள்; இவற்றை பெயின்ட்டிலேயே செய்துவிடலாம். கூடவே நல்ல போனில் எடுத்த கேரட் கட்டுப் படம் ஒன்று.

முதலில் சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். கடையில் எல்லாம் வயரோடு நிற்கும். வயரைப் பிடுங்கியதும் சில லேப்டாப்புகள் தானாக மங்கும். பிறகு செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், சுற்றுவெளிச்சத்துக்கும் திரையில் உள்ள படத்துக்கும் ஏற்ப பிரைட்னஸை மாற்றும் இரண்டு வசதிகளையும் அணைத்துவிட்டு, பிரைட்னஸை முழுசாக ஏற்றுங்கள். இந்த இரண்டையும் அணைக்காமல் பார்த்த சோதனை எதுவும் சோதனை இல்லை. இருண்ட படம் வரும்போது அதுவாகவே இறங்கி, வெள்ளை வரும்போது ஏறி உங்களை ஏய்க்கும்.

இப்போது எக்செல் ஷீட்டைத் திறந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்று படியுங்கள். தெரு வெளிச்சம் ஸ்கிரீனில் விழும். அங்கே எண்கள் படிக்க முடிந்தால் வராந்தாவிலும் முடியும். தூக்கிப் போக விடாத கடையில், கூரை விளக்குக்கு நேர் கீழே ஸ்கிரீனைப் பின்பக்கம் சாய்த்துப் பாருங்கள். அது அரைச் சோதனைதான்.

அடுத்து கேரட். போனில் உள்ள படத்தையும் லேப்டாப்பில் உள்ள அதே படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பெக் ஷீட்டில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (காட்டக்கூடிய நிறங்களின் அளவுகோல்) என்று போட்டிருக்கும் பேனலில் கேரட் வெளிறி, செங்கல் தூள் நிறத்துக்குப் போகும். எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அளவுகோலின் கணக்கில் அது சுமார் 60, 65 சதவீதம்தான். 72 சதவீதம் என்டிஎஸ்சி, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்பவை கிட்டத்தட்ட ஒன்றே. இதில் நிறம் சரியாக வரும். டேலி மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையில்லை. ஹோம்ஸ்டே படங்கள் ஏற்றுபவர், காய்கறி தரம் பார்த்து வாட்ஸ்அப்பில் மண்டிக்கு அனுப்புபவர், துணி விற்பவர் இவர்களுக்கு 45 சதவீத பேனல் பணத்தை வீணடிக்கும்.

நிறத்துக்குப் பிறகு பக்கவாட்டில் 45 டிகிரி தள்ளி நின்று பாருங்கள். நல்ல ஐபிஎஸ் பேனலில் (இப்போது பரவலாக வரும் எல்சிடி வகை) நிறம் லேசாக மங்கும், மாறாது. மேலே கீழே நகரும்போது நிறம் தலைகீழானால் அது பழைய டிஎன் பேனல், பேச்சே வேண்டாம். கறுப்புப் படத்தை முழுத்திரையாகப் போட்டு ஓரங்களைப் பாருங்கள். மூலையில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒளி கசிந்தால் பின்விளக்கு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் தலையை அசைத்தால் கசிவு இடம் மாறுகிறதா, அது ஐபிஎஸ்ஸின் இயல்பான ஒளிர்வு. மாறாமல் நின்றால் குறை. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் படங்களில் செத்த புள்ளி தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்குப் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை, ஆகவே இதைக் கடையிலேயே அல்லது ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

பேனல் யாருடையது என்றும் பார்த்துவிடலாம். டிவைஸ் மேனேஜரில் மானிட்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி. அதில் மானிட்டர் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் மூன்று எழுத்து ஏ-யூ-ஓ என்றால் ஏயூ ஆப்ட்ரானிக்ஸ், பி-ஓ-ஈ என்றால் பிஓஈ, எல்-ஜி-டி எல்ஜி, சி-எம்-என் இன்னோலக்ஸ், எஸ்-டி-சி சாம்சங். ஒரே பார்ட் நம்பருக்குள்கூட இரண்டு மூன்று கம்பெனி பேனல் வரும். அது லாட்டரி, யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அந்த குறியீட்டைக் குறித்துக்கொண்டு, லேப்டாப்புகளை அளந்து விமர்சிக்கும் நோட்புக்செக் தளத்தில் தேடினால், அதே பேனலை ஒன்பது இடத்தில் அளந்த நிட்ஸ் கணக்கு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஓஎல்இடி வேண்டுமா?

படம் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆபீஸ் வேலைக்குத் தயக்கம்தான். எக்செல், டேலி, மெயில் எல்லாமே வெள்ளைப் பக்கம்; ஓஎல்இடி வெள்ளையில்தான் அதிகம் மின்சாரம் தின்னும். நாள் முழுக்கக் கீழே டாஸ்க்பார் அசையாமல் நிற்பதால் காலப்போக்கில் தழும்பு விழும் ஆபத்தும் உண்டு. பலவற்றில் பிரைட்னஸைக் குறைக்கும்போது வெளிச்சம் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரியும். தலைவலிக்காரர்கள் கவனியுங்கள்: பிரைட்னஸைக் கால்பங்குக்கு இறக்கி, போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கு வைத்துப் பார்த்தால், கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். சில எல்சிடியிலும் இது இருக்கும், அங்கேயும் பாருங்கள்.

அளவும் புள்ளிகளும்

14 அங்குலம், 16-க்கு 10 விகிதம். வேலைக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. பழைய 16-க்கு 9 விகிதத்தில் உயரம் சுமார் 17.4 சென்டிமீட்டர், இதில் 18.8. எக்செல்லில் இரண்டு மூன்று வரி கூடுதல். 1920-க்கு 1200 புள்ளி (பிக்சல்) இருந்தால் அங்குலத்துக்கு 160-க்குச் சற்று மேல் வரும், தமிழ் எழுத்தின் புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக நிற்கும். இன்னும் சில மலிவு மாடல்களில் வரும் 1366-க்கு 768-ல் அங்குலத்துக்கு 112-தான். பத்து பாயின்ட்டில் ணை, ஞை எல்லாம் அப்பிவிடும்.

ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஸ்கிரீன்களுக்கு விண்டோஸ் பெரும்பாலும் 150 சதவீத அளவில் வரும். அப்போது உங்களுக்குக் கிடைப்பது உண்மையில் 1280-க்கு 800 இடம். 125-க்கு மாற்றினால் 1536-க்கு 960. கண்ணுக்கு ஒத்துவருமா என்று கடையிலேயே மாற்றிப் பாருங்கள். ஒத்துவராதவர்கள் பெரிய ஸ்கிரீன் பக்கம் போகலாம், எடை கூடும். 2880-க்கு 1800 பேனலில் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், ஆனால் பேட்டரி வேகமாக இறங்கும்.

சுமை

லேப்டாப் எடையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. பையில் போவது லேப்டாப், சார்ஜர், வயர், எச்டிஎம்ஐ அல்லது லேன் அடாப்டர், உறை, மழை உறை. 1.35 கிலோ லேப்டாப் பையில் சுலபமாக 2 கிலோவைத் தாண்டும். ஒரிஜினல் 65 வாட் சார்ஜரும் தடித்த மூன்று முள் வயரும் சேர்ந்தால் 300 கிராமைத் தாண்டுவது சாதாரணம். கான் (காலியம் நைட்ரைடு) வகைச் சின்ன 65 வாட் சார்ஜர் அதில் பாதிக்கும் கீழே. ஆகவே கடையில் சார்ஜரையும் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் மொத்தத்தையும் வைத்தால் உண்மை தெரியும்.

தடிமன் எண்ணும் நம்பத்தக்கதல்ல. முன்விளிம்பில் மெலிந்த இடத்தை அளந்து, கீழே உள்ள ரப்பர் காலைக் கணக்கில் சேர்க்காமல் போடுவது உண்டு. பையில் நுழைவதற்கு முக்கியம் பின்பக்கத் தடிமனும் ஆழமும்தான். ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழியில் 36. பஸ் கூட்டத்தில் முதுகுப்பையை மடியில் வைத்து நெருக்கிக்கொண்டு வரும்போது மூடிதான் அடி வாங்கும். மெல்லிய மூடி வளைந்து விசைப்பலகையில் அழுந்தினால் ஸ்கிரீனில் கீ வரிசை தடம் விழும், நாளடைவில் வெள்ளைத் திட்டும். சோதிக்க: ஸ்கிரீன் எரியும்போது மூடியின் பின்பக்க நடுவில் விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஸ்கிரீனில் அலை தெரிந்தால் மூடி பலவீனம். இரு மூலையையும் பிடித்து லேசாக முறுக்குங்கள். நெளிந்து கிறீச்சிட்டால் வேண்டாம். கீலைப் பார்க்க மேசையை ஒரு தட்டு தட்டுங்கள், ஸ்கிரீன் இரண்டு மூன்று ஆட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மறுகையால் திறக்க முடிகிறதா என்பதும் இங்கே உண்மையான கேள்விதான்.

மில்-எஸ்டிடி-810எச் என்று ஸ்டிக்கர் இருக்கும். அது அமெரிக்க ராணுவச் சோதனை முறைகளின் 2019 பதிப்பு. எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கிறது. மழையில் நனையலாம் என்று அர்த்தம் இல்லை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பைக்கு மழை உறை இல்லாமல் முடியாது. கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பர்தான் பெருமழை.

குளிர், பனி, கரண்ட்

லேப்டாப்புகள் பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை இயங்க அனுமதிக்கப்பட்டவை. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637, கவலை இல்லை. கவனிக்க வேண்டியது குளிர். உறைபனிக் காலத்தில் இரவு முழுவதும் ஜீப்பில் கிடந்த லேப்டாப்பைக் காலையில் உடனே சார்ஜில் போடக்கூடாது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து, போன கொள்ளளவு திரும்ப வராது. ஸ்கிரீனும் குளிரில் மந்தமாகும், ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து இழுபடும். சூடானதும் சரியாகிவிடும், அது பழுதல்ல. அலுமினிய உடல் அழகு, ஆனால் டிசம்பர் காலையில் மணிக்கட்டு வைக்க முடியாது. கார்பன் ஃபைபர், பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை அந்த அளவு உறைக்காது.

குளிர்ந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் ஈரக்காற்று பட்டு உள்ளேயும் வியர்க்கும். பையில் இருந்து எடுக்காமல் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திறக்கவும்.

மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் பேட்டரி வாட்-ஹவர்தான் பேச்சு. 57 வாட்-ஹவர் பேட்டரி, 7 வாட் இழுக்கும் லேப்டாப்பில் 8 மணி நேரம். பிரைட்னஸை முழுசாக ஏற்றினால் அது கணிசமாகக் குறையும். அதனால் ஸ்பெக்கில் குறைந்த மின்சார 400 நிட்ஸ் பேனல் என்று இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்கலாம். யூஎஸ்பி-சி சார்ஜிங் கட்டாயம். 65 வாட் தரும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் கணக்குப்படி 74 வாட்-ஹவர், இழப்பு போகக் கிட்டத்தட்ட ஒரு முழு சார்ஜ்.

ரீஃபர்பிஷ்டு என்றால்

கோயம்புத்தூரில் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்புகள் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கும். ஸ்கிரீன் மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே ஹார்ட்வேர் ஐடி சோதனை இங்கே இன்னும் அவசியம். வெள்ளைப் படத்தில் திட்டு, கீ தடம் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்-சி-எஃப்-ஜி, இடைவெளி, சாய்கோடு, பேட்டரி-ரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் இடைக்கோடு இல்லாமல் தட்டினால் ஒரு அறிக்கை உருவாகும். அதில் ஆரம்பக் கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் இருக்கும். எண்பது சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். உடலும் கீலும் நன்றாக இருந்து பேனல் மட்டும் மங்கல் என்றால், பல திங்க்பேட்களில் அதே அளவு, இணைப்பானில் அதே பின் எண்ணிக்கை உள்ள நல்ல பேனலை மாற்றிவிடலாம். 30 பின், 40 பின் குழப்பத்தில்தான் பெரும்பாலும் தவறான பேனல் வந்து சேர்கிறது. பழையதைக் கழற்றிப் பின்புற ஸ்டிக்கரைப் படித்த பிறகே ஆர்டர் போடவும்.

பணம் கட்டும் முன் கடைசியாக வாரண்டி. ஆன்-சைட் என்று எழுதியிருந்தாலும் எல்லா பின்கோடுக்கும் ஆள் வருவதில்லை. 643001, 643101, 624101 என்று உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே வருவார்களா, கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கொண்டுபோய்த் தர வேண்டுமா என்று கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.